கைக்கு வந்த எண்

எங்கள் ஊர் பேண்டு வாத்தியக்காரர்களின் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை தம்போலா என்னும் எண் ஆட்டம் தொடங்கும் முன், எண்கள் இருக்கும் பையைக் குலுக்க ஒருவரைக் கூப்பிடுவோம். மன்றத் தலைவரையோ பாதிரியாரையோ கூப்பிட மாட்டோம். போன வாரம் தோற்றுவிட்டு அதிகமாகப் புலம்பியது யாரோ அவரைத்தான் கூப்பிடுவோம். சந்தேகப்பட்டவரே குலுக்கிவிட்டால் அந்த வாரம் அவர் குறை சொல்ல முடியாது அல்லவா. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யார் என்று எனக்குத் தெரியாது. மால்டாவின் தென்பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அடிதடி இல்லாமல் நடக்கும் காரியம் அநேகமாக இது ஒன்றுதான்.

என் தங்கை பவ்லினா சிறு வயதில், ஜெயித்த வாரத்திலும் புலம்புவாள். பை தன் கைக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான். கொடுத்தால் உடனே குலுக்க மாட்டாள். மேசைமேல் கவிழ்ப்பாள். மரச்சில்லுகளைப் பத்துப் பத்தாக வரிசை கட்டுவாள். தொண்ணூறும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் திருப்பிப் போடுவாள். எல்லாரும் விசிறிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு வாரம் நாற்பத்தேழைக் காணவில்லை. பையின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்ததில், அது துணியின் மடிப்புத் தையலுக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வாரமாக அங்கே இருந்ததோ தெரியாது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாப்பத்தேழு வரும் வரும்னு பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு. அது உள்ள சொகமா தூங்கிக்கிட்டு இருந்திருக்கு."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். பவ்லினா சிரிக்கவில்லை. மற்ற மடிப்புகளையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விஸ்தின். ஓடு பதிப்பவன். படிப்பு எனக்கு ஏறவில்லை, பதினாறு வயதில் வேலைக்குப் போய்விட்டேன். குரல் பெரிது என்பதால் மன்றத்தில் எண்களைக் கூவும் வேலையும் என் தலையில் விழுந்தது. தங்கைக்குப் படிப்பு வந்தது. கணக்கில் பட்டம் வாங்கினாள். இப்போது ஸ்லீமா நகரில், ஆன்லைன் கேசினோ விளையாட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். எங்கள் தீவில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தத் தொழிலில் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஓடு பதிக்கப் போகும் வீடுகளில், "உன் தங்கை என்ன வேலை பார்க்கிறாள்" என்று கேட்டால் நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. பையைக் குலுக்குகிறாள் என்பேன்.

உண்மையும் அதுதான். எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்து விளையாடுகிறான். எண்ணை எடுப்பது ஒரு மென்பொருள். அதன் கையை அவன் பார்க்க முடியாது. "பையை இங்கே கொடு" என்று கேட்கவும் முடியாது. அவனுக்குப் பதிலாகப் பவ்லினா கேட்கிறாள். அந்த மென்பொருளைக் கோடிக்கணக்கான தடவை எண் எடுக்கச் சொல்லிவிட்டு, ஏதாவது ஓர் எண் அதிகம் வருகிறதா, வந்த எண்களை வைத்து வரப்போகும் எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பாள். தான் சோதித்த அதே மென்பொருளைத்தான் பிறகு விளையாட்டுத் தளத்தில் வைத்திருக்கிறார்களா, நடுவில் மாற்றிவிட்டார்களா என்றும் பார்ப்பாள். இதெல்லாம் முடிந்த பிறகு, சிடுசிடுப்பான வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து கண்டபடி விளையாடுவாள். ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்துவாள். ஆட்டத்தின் நடுவில் இணைப்புக் கம்பியைப் பிடுங்குவாள்.

அந்தக் கம்பியைப் பிடுங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ரான்ஸ்லி எங்கள் தெருப் பையன். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், அவனுக்கும் நாற்பது ஆகிவிட்டது. அவன் அம்மா ஜெரால்டாவும் எங்கள் அம்மாவும் தம்போலாவில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருத்தி சீட்டை ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டே வயதானவர்கள். அவன் சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினான். எங்கள் ஊர்த் தம்போலாவையே ஆன்லைன் விளையாட்டாகச் செய்தான். திரையில் அதே துணிப்பை, அதே மரச்சில்லு, எண்களுக்கு எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்கள்கூட. எண்பத்தெட்டு வந்தால் "ரெண்டு குண்டு அத்தை" என்று ஒரு குரல் கூவும். அந்தக் குரல் என்னுடையது. ஒரு மதியம் கூட்டிப்போய்ப் பதிவு செய்தான்.

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு, எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரொக்கு திருவிழாவுக்கு அந்த ஆண்டு புதிய சக்கர வாணம் செய்யும் செலவைத் தன் நிறுவனமே ஏற்கும் என்று ரான்ஸ்லி சொல்லியிருந்தான். விளையாட்டு திருவிழாவுக்கு முன் வெளிவர வேண்டும், அவ்வளவுதான். மன்றத் தலைவர் நேனு, எங்களோடு எப்போதும் போட்டி போடும் கீழ்த்தெரு மன்றத்துக்காரர்கள் முகம் எப்படிப் போகும் என்று இப்போதிருந்தே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய விளம்பரத் தாள் ஒட்டினார்கள். அதில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி: கரண்ட் போனால் காசு வாபஸ்.

ஆகஸ்டில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது எங்கள் தீவில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். அந்த எரிச்சல் தெரிந்த ஆள் ரான்ஸ்லி. அதனால் விளையாடும்போது இணைப்பு அறுந்துவிட்டால் அந்த ஆட்டமே நடக்காத மாதிரி ரத்தாகி, கட்டிய காசு திரும்பி வந்துவிடும்படி செய்திருந்தான். நல்ல மனசோடுதான் செய்தான். வேறு ஊர்க்காரனுக்கு இப்படி ஒன்று தோன்றியே இருக்காது.

சோதனைக்குத் தன்னிடம் வந்த அந்த விளையாட்டின் சான்றிதழில் பவ்லினா கையெழுத்துப் போட மறுத்தாள்.

எண் எடுக்கும் விதத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவளே சொன்னாள். எடுத்த எண்ணை அப்புறம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. இணைப்பு அறும் நேரத்தில் பை ஏற்கெனவே எண்ணைக் கொடுத்துவிட்டிருக்கும். அது ஜெயிக்கும் எண்ணாக இருந்தால், கரண்ட் போன பாவத்துக்கு அவன் வெற்றி ரத்து. தோற்கும் எண் என்று தெரிந்துகொண்ட கெட்டிக்காரனோ, தானே கம்பியைப் பிடுங்கிக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ரான்ஸ்லி எங்கள் வீட்டுக்கே வந்தான். சமையலறையில் உட்கார்ந்தான், அம்மா சுட்டு வைத்த பஸ்தீட்சிப் பலகாரத்தைத் தொடவில்லை. பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீட்சியை அவன் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

"காசைத் திருப்பிக் குடுக்கறது அநியாயமா பவ்லினா? ஊர்ல எவனாவது குடுப்பானா?"

"நீ குடுக்கறது அவன் கட்டின காசு. அவன் ஜெயிச்சதை எங்க குடுக்கற?"

"அவன் ஜெயிச்சான்னு அவனுக்கே தெரியாதேடி."

"அவனுக்குத் தெரியாது. உன் கம்ப்யூட்டருக்குத் தெரியும்ல?"

"விதியில என்ன இருக்கு? ஆட்டம் பாதியில நின்னா ஆட்டக்காரருக்கு நியாயமா முடிச்சுத் தரணும். அவ்ளோதான் இருக்கு. காசு வாபஸ் நியாயம் இல்லைன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதல. அதுக்குத்தான் என்னை மாதிரி ஆளுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க."

அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த நாள் காலை ரொட்டி வாங்கப் போன என்னிடம் கடைக்காரர், "உன் தங்கச்சிக்கு நம்ம ஊர் வாணம் சுத்தறதுல என்ன கஷ்டம்? கீழ்த்தெருவுல மாப்பிள்ளை பாத்திருக்கீங்களா?" என்றார். ஜெரால்டா அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உப்பை நகர்த்தச் சொல்லுங்க" என்று மூன்றாவது ஆள் மூலம் சொல்லி அனுப்புவாள். நேனு என்னை வழியில் நிறுத்தி, அண்ணன்காரன் சொன்னால் கேட்க மாட்டாளா என்றார். என் தங்கைக்கு நான் தரை மட்டம் பார்க்கச் சொல்லித் தரலாம், அதற்கு மேல் எனக்குச் சொல்ல உரிமை இல்லை என்று சொன்னேன்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளை வதைத்தது சோதனைக்கூடத்தின் தலைவி சாண்ட்ரினா சொன்னதுதான். சாண்ட்ரினா கெட்டவள் இல்லை. இரண்டு பக்கமும் கேட்டாள். ரான்ஸ்லியின் விளக்கமும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. வாடிக்கையாளருக்குக் காசு திரும்பக் கிடைத்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? திங்கட்கிழமைக்குள் எனக்குப் புரியும்படி ஒரு காரணம் சொல்லு, இல்லாவிட்டால் இதை வேறு ஒருவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். பவ்லினா நிறுத்திவைத்த ஒரு விளையாட்டு இன்னொருவர் கையெழுத்தில் வெளியே போனால், பிறகு அவள் போடும் எந்தக் கையெழுத்துக்கும் மதிப்பு இருக்காது. அவள் அதை வாயால் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் முயல் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, போன வருஷம் தம்போலா நடுவுல கரண்ட் போச்சே. அப்போ உன் கையில சில்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்ன பண்ணின?"

"என்ன பண்றது? கையை மூடிக்கிட்டு நின்னேன். மெழுகுவத்தி வந்ததும் பாத்துக் கூவினேன்."

"ஏன் பைக்குள்ள திருப்பிப் போடல?"

"போடறதா? நம்ம அம்மாவே என்னை அங்க புதைச்சிருப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஜெரால்டா குழி வெட்டியிருப்பா" என்றாள்.

பவ்லினா பிய்த்துப் போட்ட ரொட்டித் துண்டுகளைக் கையால் ஒதுக்கினாள். பிறகு குழம்பை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் தட்டும் கேட்டாள். என்ன யோசிக்கிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அது நல்லதுதான். எனக்கு நடிக்க வராது.

தம்போலா நடக்கும் எங்கள் கூடம் மன்றத்தின் அடியில் இருக்கும் பழைய நிலவறை. போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து ஒளிந்த இடம். ஜன்னல் கிடையாது. வெயில் நேரத்தில் குளுகுளுவென்று இருக்கும். திருவிழாவுக்கு முன் நடக்கும் கடைசி தம்போலா என்பதால் அந்த ஞாயிறு இடம் கிடைக்காமல் கூட்டம். ரான்ஸ்லி அம்மாவைக் கூட்டிவந்து, அவள் பக்கத்தில் தானும் ஒரு சீட்டோடு உட்கார்ந்திருந்தான். பவ்லினாவோடு சாண்ட்ரினாவும் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு நாற்காலியும் குளிர்ந்த பானமும் கொடுத்து, சீட்டு வேண்டுமா என்று கேட்டோம். வேலை விஷயமாக வந்திருக்கிறேன், விளையாட மாட்டேன் என்றாள். அம்மா என்னிடம் ரகசியமாக, "பாவம், ஞாயித்துக்கிழமையும் வேலையாம்" என்றாள்.

முதல் ஆட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பவ்லினா படிக்கட்டின் அடியில், மின்விசைப் பலகைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காற்றுக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன்.

கடைசி ஆட்டத்துக்குப் பரிசு உப்பிட்டுக் காயவைத்த முழுப் பன்றித் தொடை. அதை நேனு ஒரு குழந்தையைப் போல ஏந்தி எல்லா மேசைக்கும் காட்டிவிட்டு வந்தார். நான் கூவ ஆரம்பித்தேன். எண்கள் வர வரக் கூடம் அமைதியானது. அந்த அமைதியில் ரான்ஸ்லி எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

ஜெரால்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா. வாயைத் தெறந்தா வர்றதும் ஓடிப்போயிடும்."

நான் பைக்குள் கையை விட்டேன். ஒரு சில்லை எடுத்து வெளியே கொண்டுவந்தேன். விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. யாரோ ஒருவர் திருவிழாவுக்கு முன்னாலேயே இப்படியா என்று அலுத்துக்கொண்டார். அப்போது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து என் தங்கையின் குரல் நிதானமாக வந்தது.

"அண்ணே, கரண்ட் போச்சு. கையில இருக்கறதைப் பைக்குள்ள போட்டுடு. ஆட்டம் ரத்து. எல்லாருக்கும் சீட்டுக் காசைத் திருப்பிக் குடுத்துடலாம்."

நிலவறை இடிந்து விழுகிறதோ என்று நினைத்தேன். நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ மேசையைக் குத்தினார்கள். அத்தனை சத்தத்துக்கும் மேலே, என் குரலையே விழுங்கிவிடும் ஒரு குரல் கேட்டது.

"போடாதே விஸ்தின்! கையை மூடு! எடுத்தது எடுத்ததுதான்!"

"அப்படிச் சொல்லுடா என் ராசா" என்றாள் ஜெரால்டா.

"போட்டீன்னா நீ இன்னிக்கு வீட்டுக்கு வராதே" என்றாள் என் அம்மா.

பவ்லினா காத்திருந்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள். "எடுத்தது எடுத்ததுதான்னு சொன்னது யாரு?"

"நான்தான். ரான்ஸ்லி. எனக்கு ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி, அது அவன் கையிலயே இருக்கலாம். காசு வாபஸ்னா என்ன அர்த்தம்? எவனுக்கு வேணும் அந்தச் சீட்டுக் காசு?"

"சரிப்பா. கரண்ட் போனா காசு வாபஸ்னு மாடியில பெருசா ஒட்டியிருந்துச்சு. அதான் கேட்டேன்."

  இருட்டில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் மூக்கால், அப்புறம் அடக்க முடியாமல். அது ரான்ஸ்லிதான். அவனைத் தொடர்ந்து அந்த மேசை, அடுத்த மேசை என்று சிரிப்பு பரவியது. விஷயம் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள். ரொட்டிக்கடைக்காரர், "அட, அந்தப் பொண்ணு இத்தனை நாளா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சா" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

பவ்லினா தான் அணைத்த விசையைத் திரும்பப் போட்டாள். வெளிச்சம் வந்தபோது நான் கையை நீட்டி, மூடியபடியே, மேடையில் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தேனாம். சாண்ட்ரினா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பவ்லினாவைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். அவ்வளவுதான். திங்கட்கிழமைக்கான காரணம் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்துவிட்டது.

"கையைத் தொறடா" என்றார் நேனு.

திறந்தேன். அறுபத்திரண்டு. ரான்ஸ்லிக்கு வேண்டியிருந்தது இருபத்தாறு.

"வேணும்னே எடுத்திருக்கான்" என்றான் ரான்ஸ்லி.

அடுத்து எடுத்த எண்ணில் தொடை ஜெரால்டாவுக்குப் போனது. அவள் அதை மகனிடம் தூக்கக் கொடுத்துவிட்டு, எங்கள் அம்மாவை நேராகப் பார்த்து, "உப்பு ஜாஸ்தியா இருக்குமோ?" என்று கேட்டாள். அப்படித்தான் அவர்கள் பேச்சு திரும்பவும் ஆரம்பித்தது. ரான்ஸ்லி தொடையைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறும்வரை, பை சரியில்லை, நான் சரியில்லை, இருட்டில் சில்லை மாற்றிவிட்டேன் என்று புலம்பிக்கொண்டே போனான்.

அவன் மனசு நல்ல மனசு என்று முன்பே சொன்னேன். மறுநாள் காலை பவ்லினாவின் சோதனைக்கூடம் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தானாம். விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "எப்படி இருக்கணும், சொல்லு" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவன் ஆட்கள் ஊண் உறக்கம் பார்க்காமல் வேலை செய்து மாற்றினார்கள். இப்போது எண் வந்துவிட்டால் அது வந்ததுதான். இணைப்பு அறுந்தாலும் ஆட்டம் அங்கேயே காத்திருக்கும். ஆட்டக்காரர் திரும்பி வரும்போது, மூடிய கை ஒன்று திரையில் வந்து, அவருக்கு முன்னால் திறக்கும். அந்தக் கைக்கு மாதிரி என் கைதான். விரலிடுக்கில் சிமெண்ட் தழும்புகூட அப்படியே வரைந்திருக்கிறார்கள்.

பவ்லினா மறுபடியும் முதலிலிருந்து சோதித்தாள். கம்பியைப் பிடுங்கினாள், தொலைபேசியை அணைத்தாள், படகுத்துறைக்குப் போய் இணைப்பு போவதும் வருவதுமாக இருக்கும் இடமாகப் பார்த்து நின்று விளையாடினாள். ஒவ்வொரு தடவையும் கை திறந்தது, அதே எண் இருந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டாள், அன்றைக்கே விளையாட்டு வெளிவந்தது. சாண்ட்ரினா அதோடு நிற்கவில்லை. ஆட்டம் பாதியில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று சோதனைக்கூடத்தின் விதிமுறையில் பவ்லினாவையே எழுதச் சொன்னாள். இப்போது அங்கே வரும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அந்த முறைப்படிதான் சோதனை.

மன்றச் சுவரிலிருந்து பழைய தாளைக் கிழித்துப் புதிதாக ஒட்டினார்கள்: கரண்ட் போனாலும் உங்கள் எண் உங்களுக்கே. சக்கர வாணம் பச்சையும் சிவப்புமாகச் சுற்றி நடுவில் பூவாக விரிந்தபோது, கீழ்த்தெருக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதை நேனு இன்றுவரை நடித்துக் காட்டுகிறார். ஊர்வலம் எங்கள் தெருவில் வரும்போது பேண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு முழு அணிநடைப் பாட்டையும் வாசித்தது. பொதுவாக டாக்டர் வீட்டு வாசலிலும் பாதிரியார் வீட்டு வாசலிலும்தான் அப்படி நிற்கும். பவ்லினா பால்கனியில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். அம்மா பக்கத்தில் நின்று, மேலிருந்து தாள் துண்டுகளை அள்ளி அள்ளி வீசினாள். பாதி என் தலையில் விழுந்தது. நான் கீழே வாசலில் நின்று, வாசிக்கிறவர்கள் முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா வாரங்களில் தம்போலா கிடையாது. அது முடிந்து வந்த முதல் ஞாயிறு, வழக்கப்படி பையைக் குலுக்க ஆளைக் கூப்பிட வேண்டும். கடைசித் தடவை அதிகம் புலம்பியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"ரான்ஸ்லி, வா" என்றேன்.

வந்தான். பையை வாங்கினான். குலுக்கவில்லை. நேராகப் பவ்லினா உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய் அவள் முன்னால் வைத்தான்.

"முதல்ல நீ எண்ணு. அப்புறம் நான் குலுக்கறேன்."

அவள் மேசைமேல் கவிழ்த்தாள். சில்லுகளைப் பத்துப் பத்தாக வரிசை கட்டினாள். பையின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு வெளியே நல்ல வெயில், கூடம் நிறைய ஆட்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் அம்மாகூட விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.